பத்து அடியில் நின்றுபோன மெஷின்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகளில் ஒன்று இது: "மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டுற அந்த ராட்சச மெஷினை முதல்ல யார் கண்டுபிடிச்சது?" ஒரே வரியில் பதில் வேணும்னா இதோ: சார்ல்ஸ் வில்சன், அமெரிக்கா, 1850-கள். அவ்வளவுதான், எபிசோட் முடிஞ்சது, கிளம்பலாம்.

ஆனா கிளம்ப முடியாது. ஏன்னா வில்சனோட மெஷின் 1853-ல் ஒரு மலையோடு மோதி, சுமார் பத்து அடி உள்ளே போனதும் நின்றுவிட்டது. பத்து அடி என்பது நம்ம வீட்டு ஹாலின் உயரம். அந்த யோசனை ஒரு சுரங்கத்தில் நிஜமாகவே வேலை செய்ய இன்னும் நூறு வருஷம் ஆனது. அந்த நூறு வருஷமும் மனுஷங்க மலையைக் குடையாமல் சும்மா இருக்கவில்லை. வேற ஒரு மெஷின் ஜெயிச்சது. சின்னது, பார்க்க ஒண்ணுமே இல்லாதது. அதன் பேரப்பிள்ளை உங்க தெருவுக்கே ஒரு தடவையாவது வந்திருக்கும். அது யாருன்னு நடுவில் சொல்றேன்.

முதல்ல மலை. பேர் ஹூசாக். மாசசூசெட்ஸ் மாநிலத்தோட வடமேற்கு மூலையில் நீளமா படுத்திருக்கிற ஒரு மலைத்தொடர். 1825-ல் ஈரி கால்வாய் திறந்ததும், அமெரிக்காவின் உள்நாட்டுச் சரக்கெல்லாம் ஹட்சன் நதி வழியா நியூயார்க் துறைமுகத்துக்கு ஓட ஆரம்பித்தது. பாஸ்டன் வியாபாரிகளுக்கு வயிற்றெரிச்சல். நமக்கும் மேற்கே போக நேரா ஒரு பாதை வேணும்னு கேட்டாங்க. அந்தப் பாதைக்கு நடுவில் இந்த மலை. சுற்றிப் போனா தூரம், ஏறிப் போனா ரயிலால் முடியாது. அப்போ துளைக்கணும். நீளம் 4.75 மைல், அதாவது 7.6 கிலோமீட்டர். ஆரம்பத்தில் போட்ட செலவுக் கணக்கு சுமார் 20 லட்சம் டாலர். 1851-ல் வேலை தொடங்கியது. இந்த எஸ்டிமேட்டைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, ப்ராஜெக்ட் பிளானிங் மீட்டிங்கில் உட்கார்ந்த யாருக்கும் இது எங்கே போய் முடியும்னு தெரியும்.

அந்தக் காலத்தில் பாறையை எப்படிக் குடைவாங்க? ஊர்ப்பக்கம் கிணறு வெட்டுறதைப் பார்த்தவங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். தமர் போடுறதுன்னு சொல்வாங்க. ஒருத்தர் இரும்புக் கம்பியைப் பாறையில் நிறுத்திப் பிடிச்சிருப்பார். இன்னொருத்தரோ ரெண்டு பேரோ சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பாங்க. ஒவ்வொரு அடிக்கும் நடுவில், பிடிச்சிருக்கிறவர் கம்பியைக் கொஞ்சம் திருப்பணும். திருப்பலைன்னா முனை ஒரே தடத்தில் விழுந்து பாறையில் சிக்கிக்கும். அடி, திருப்பு, அடி, திருப்பு. ஓட்டை ஆழமானதும் கருமருந்தைத் திணிச்சு, திரி வெச்சு, ஓடிடணும். வெடிச்ச கல்லை அள்ளி வெளியே கொட்டிட்டு மறுபடி முதலிலிருந்து. ஹூசாக்கின் கிழக்குப் பக்கம் மைக்கா கலந்த கெட்டியான படலப் பாறை, நடுநடுவே குவார்ட்ஸ். சம்மட்டிக்காரங்க கை என்ன பாடு பட்டிருக்கும்!

இந்த இடத்துல ஒரு இன்ஜினியருக்கு வர இயல்பான எண்ணம்: ஏன் இத்தனை சின்னச் சின்ன ஓட்டை? சுரங்கம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு பெரிய ஒரே துரப்பணம் செஞ்சு, மலையில் வெச்சுத் திருகிடலாமே?

வில்சன் செய்தது அதுதான். பாஸ்டனில் உருவான அந்த இரும்பு யானையின் எடை 70 டன்னுக்கு மேல். வெட்டும் வட்டத்தின் விட்டம் 24 அடி. இதில் அவர் யோசனையின் அழகு எங்கே இருக்குன்னா, பாறையைச் சுரண்டவோ கொத்தவோ அவர் நினைக்கலை. முன்பக்கத்தில் உருளும் வட்டத் தகடுகளைப் பொருத்தினார். பரோட்டா மாவை வெட்டுற உருளைக் கத்தி இருக்கே, அது மாதிரி, ஆனா இரும்பில். தகடு பாறையை அழுத்திக்கிட்டே உருளும். பாறை ஒரு விசித்திரமான பொருள். நேரா நசுக்கினா பயங்கரமா தாங்கும். இழுத்தா சீக்கிரம் பிய்ந்துவிடும். தகடு அழுத்தின தடத்துக்குக் கீழே நசுங்கின பாறை, பக்கவாட்டில் விரிசலைத் தள்ளும். பக்கத்துத் தடத்திலிருந்து வர விரிசலோட அது போய்ச் சேரும்போது, ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற பாறை சில்லு சில்லாத் தெறிக்கும். மாவா அரைக்க வேண்டியதே இல்லை, உடைஞ்சு விழுந்தா போதும். 1856-ல் வில்சன் வாங்கின பேடன்டை இன்றைய சுரங்க மெஷின் டிசைன் பண்றவங்க பார்த்தாலும், அடிப்படையில் நம்ம மெஷின்தானேன்னு சொல்லுவாங்க.

ஆனா தகடு தேய்ந்தது, உடைந்தது. மெஷின் பத்து அடியில் நின்றது.

அடுத்து ஹெர்மன் ஹாப்ட் வந்தார். ரயில்வே உலகத்தில் பெரிய பேர் வாங்கின ஆள், பின்னாடி அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ரயில்களை நடத்தினவர். அவர் 1856-ல், போன மெஷின் ரொம்பப் பெரிசு, அதான் பிரச்சினைன்னு முடிவு பண்ணி, எட்டு அடி விட்டத்தில் சின்னதா ஒண்ணு செய்ய வெச்சார். அது உருப்படியா எதையும் குடையவில்லை. சுரங்கம் மறுபடியும் சம்மட்டிக்குத் திரும்பியது. காசு தீர்ந்தது, சண்டை வந்தது, 1860-களின் தொடக்கத்தில் மாநில அரசே வேலையைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போ கடலைத் தாண்டி ஐரோப்பாவுக்குப் போகலாம். ஏன்னா விடை அங்கேதான் கிடைச்சது.

ஆல்ப்ஸ் மலை. ஒரு பக்கம் சவோய், இன்னொரு பக்கம் டுரின். ரெண்டும் அப்போ சார்டீனியா அரசுக்குச் சொந்தம். நடுவில் ரயில் சுரங்கம் போடணும்னு 1840-களிலேயே பேச்சு. ஆன்ரி மாவுஸ்ன்னு ஒரு பெல்ஜியம் இன்ஜினியர் 1846-ல் ஒரு மெஷினைச் செய்து காட்டினார். 'மலையை அறுக்கும் மெஷின்'னு பேர் வாங்கினது. ரயில் இன்ஜின் அளவுக்கு ஒரு சட்டம், அதில் நூற்றுக்கும் மேற்பட்ட உளிகள், எல்லாம் வரிசையா பாறையைக் கொத்தும். நம்ம ஊரில் அம்மி கொத்துறவர் நூறு பேரை ஒரே சட்டத்தில் கட்டிவிட்ட மாதிரி. பட்டறையில் நல்லாத்தான் கொத்தியது. பிரச்சினை, இதற்கு சக்தி எங்கிருந்து வரும்? சுரங்க வாசலில் நீர்ச்சக்கரம் வெச்சு, அங்கிருந்து கயிறும் கப்பியுமா கிலோமீட்டர் கணக்கில் உள்ளே இழுத்துட்டுப் போறதாத் திட்டம். போற வழியெல்லாம் உராய்வில் எவ்வளவு போகும், கடைசியில் உளிக்கு என்ன மிஞ்சும்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பே வரலை. 1848-ல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி வெடித்தது, பணம் நின்றது, மெஷின் மலையைத் தொடவே இல்லை.

இது மாவுஸுக்கு மட்டும் இருந்த சிக்கல் இல்லை, அந்தக் கால மெஷின் எல்லாத்துக்கும் இதுதான் சிக்கல். அப்போ உலகத்துக்குத் தெரிந்த பலமான சக்திகளில் ஒன்று நீராவி. நீராவி வேணும்னா நிலக்கரி எரிக்கணும். ஒரு வாசல் மட்டுமே உள்ள சுரங்கத்துக்குள் நிலக்கரி எரிச்சா உள்ளே இருக்கிறவங்க மூச்சு முட்டிச் சாவாங்க. வெளியே பாய்லரை வெச்சுக் குழாய் வழியா நீராவி அனுப்பினா, போற வழியிலேயே ஆறித் தண்ணீராகிவிடும்.

சுவிட்சர்லாந்து விஞ்ஞானி டேனியல் கொலாடோன் சொன்னது: காற்றை அழுத்தி அனுப்புங்க. அழுத்தின காற்று ஆறாது, கிலோமீட்டர் கணக்கில் குழாயில் போகும். இதில் ஒரு போனஸ் இருக்கு. மெஷினை ஓட்டிட்டு வெளியே வர காற்று விஷம் இல்லை, அதுவே உள்ளே இருக்கிற தொழிலாளிக்கு சுவாசம். ஒரே குழாயில் சக்தியும் வருது, மூச்சும் வருது. எனக்கு இந்த முழுக் கதையிலும் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நல்ல டிசைன்னா ஒரு பிரச்சினையைத் தீர்க்கப் போய் இன்னொண்ணும் சேர்ந்து தீரணும்.

ஜெர்மெய்ன் சோமெய்லர், கூடவே கிராந்திஸ், கிராத்தோனி என்ற ரெண்டு இன்ஜினியர்கள். மூணு பேரும் இதை எடுத்துக்கிட்டாங்க. மலையிலிருந்து விழுகிற தண்ணீரை வெச்சுக் காற்றை அழுத்தினாங்க. செலவில்லாத எரிபொருள். அந்தக் காற்றில் ஓடும் துரப்பணம்: ஒரு உருளைக்குள் பிஸ்டன், பிஸ்டனின் முனையில் உளிக்கம்பி. காற்று பிஸ்டனை முன்னே தள்ளும், அடி. பின்னே இழுக்கும், கம்பி கொஞ்சம் திரும்பும். மறுபடி அடி. அடி, திருப்பு, அடி, திருப்பு. சம்மட்டிக்காரங்க செஞ்ச அதே வேலைதான், நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை. இப்படிப் பல துரப்பணங்களை ஒரு வண்டியில் ஏற்றி, பாறை முகத்துக்குத் தள்ளிட்டுப் போய், ஓட்டைகள் போட்டு, வண்டியைப் பின்னால் இழுத்து, வெடி வெச்சாங்க.

1857-ல் மோன் செனி சுரங்கம் தொடங்கினப்போ கையாலதான் வேலை, ஒரு நாளைக்குச் சுமார் ஒரு சாண். 12 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தலைக்கு மேலே ஒன்றரை கிலோமீட்டருக்கும் அதிகமா மலை, அதனால நடுவில் மேலிருந்து குழி வெட்டி இறங்கவும் வழியில்லை. ரெண்டு முனையிலிருந்து மட்டும்தான் வர முடியும். முடிக்க 25 வருஷம் ஆகும்னு கணக்குப் போட்டிருந்தாங்க. 1861-ல் இத்தாலிப் பக்கம் காற்றுத் துரப்பணம் இறங்கியது. 1870 டிசம்பர் 26-ல் ரெண்டு பக்கமும் சந்தித்தன, 1871 செப்டம்பரில் ரயில் ஓடியது. நடுவில் ஒரு கூத்து: 1860-ல் சவோய் பிரான்சுக்குப் போய்விட்டது. ஒரே நாட்டுக்குள் தோண்ட ஆரம்பித்த சுரங்கம், முடியும்போது ரெண்டு நாட்டைச் சேர்த்தது. சோமெய்லர் திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. ரெண்டு மாசம் முன்னாடி, ஜூலையில் இறந்துபோனார்.

திரும்ப ஹூசாக். தாமஸ் டோன் என்ற தலைமை இன்ஜினியர் 1863-ல் பொறுப்பேற்றார். ஆல்ப்ஸில் நடப்பதை அவர் உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயும் டீர்ஃபீல்டு ஆற்றில் ஓர் அணை கட்டி, அந்தத் தண்ணீரில் காற்றை அழுத்த ஏற்பாடு. 1866 ஜூனில் முதல் துரப்பணங்கள் இறங்கின. இறங்கினதும் உடைய ஆரம்பித்தன. மெஷின் பாறையை அடிக்குது, பாறை மெஷினைத் திருப்பி அடிக்குது. ஒவ்வொரு அடியின் அதிர்ச்சியும் உள்ளே இருக்கிற திருகு, ஸ்பிரிங், வால்வு எல்லாத்தையும் உலுக்கி எடுத்தது. எந்நேரமும் பாதி மெஷின் பட்டறையில் கிடந்தது.

ஃபிட்ச்பர்க் ஊர் மெஷின் பட்டறைக்காரர் சார்ல்ஸ் பர்லே இதைச் சரி செய்தார். அவருக்கு முன்னாடியே ஜோசப் ஃபௌல்னு ஒருத்தர் 1851-ல் பேடன்ட் வாங்கியிருந்தார்: பிஸ்டன் கம்பியையே நேரடியா உளியாக்குற யோசனை. கையில் காசு இல்லாததால அவரால் அதைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியலை. பர்லே அந்த உரிமையை வாங்கி, பாகங்களைக் குறைச்சு, ஒவ்வொன்றையும் கனமாக்கி, அதே வருஷ முடிவுக்குள் புதுத் துரப்பணத்தைக் கொண்டுவந்தார். அது நின்று ஆடியது. அமெரிக்காவில் பாறைத் துரப்பணம் என்றாலே பர்லேன்னு ஆகிற அளவுக்குப் பரவியது.

இப்போ நான் முதல்ல சொன்ன பேரப்பிள்ளை. உங்க தெருவில் போர்வெல் போட லாரி வந்திருக்கும், காது கிழிய கம்ப்ரசர் ஓடும், 'டக் டக் டக்'னு கேட்கும், குழியிலிருந்து வெள்ளைத் தூள் பறந்து மொட்டை மாடித் துணியெல்லாம் பாழாகும். அதுக்குள் ஓடுறது இதே தத்துவம்தான். காற்று பிஸ்டனை இயக்கும், பிஸ்டன் அடிக்கும், முனை திரும்பிக்கிட்டே இருக்கும், வேலை முடிஞ்ச காற்று தூளை மேலே ஊதித் தள்ளும். சம்மட்டி இப்போ கம்பியோட அடி முனைக்கே இறங்கிப் போயிடுச்சு, அதான் பெரிய வித்தியாசம். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி இந்தியா முழுக்கப் போற ஒவ்வொரு ரிக் லாரியும் சோமெய்லருக்கும் பர்லேக்கும் ஒரு வகையில் சொந்தக்காரன்.

சரி, வில்சனின் அழகான மெஷின் ஏன் தோற்றது, இந்த முரட்டுச் சம்மட்டி ஏன் ஜெயிச்சது? 'காலத்துக்கு முந்தின மனுஷன்'னு ஒரு வாக்கியம் இருக்கு, கண்டுபிடிப்பாளர் யாரைப் பத்திப் பேசினாலும் அதைப் போட்டு முடிச்சிடுவாங்க. எனக்கு அது சோம்பேறித்தனமான பதிலாப் படுது.

முழு முகத்தையும் குடைகிற மெஷின், சுரங்கத்தில் இருக்கிற ஒவ்வொரு கன அடிப் பாறையையும் தானே உடைக்கணும். துரப்பணம் உடைக்கிறது ஓட்டை அளவுப் பாறையை மட்டும். மிச்சத்தை வெடிமருந்து பார்த்துக்கும். வேலையில் பெரும்பகுதியை ரசாயனத்துக்கு அவுட்சோர்ஸ் பண்ணிட்டாங்க. அப்போ மெஷினுக்கு வேண்டிய பலமும் குறைவு, எஃகின் தரமும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். அடுத்தது, எங்க துறையில் நாங்க ராத்திரி தூங்காம பயப்படுற விஷயம். வில்சன் மெஷினில் ஒரு தகடு போனா மொத்தச் சுரங்கமும் நிற்கும். முகத்தையே அடைச்சுக்கிட்டு 70 டன் இரும்பு உட்கார்ந்திருக்கும், அதைத் தாண்டி ஒரு ஆள் முன்னே போக முடியாது. பர்லே துரப்பணம் ஒண்ணு உடைஞ்சா? கழற்றிப் பட்டறைக்கு அனுப்பு, அடுத்ததை மாட்டு, மத்ததெல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும். உடையவே உடையாத மெஷினை அந்தக் காலத்தில் யாராலும் செய்ய முடியாது. உடைஞ்சாலும் வேலை நிற்காத ஏற்பாட்டைச் செய்ய முடிஞ்சது.

ஆனா அந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தது இன்ஜினியர்கள் இல்லை.

ஹூசாக்கில் ரெண்டு வாசலோடு, மலையின் நடுவில் மேலிருந்து ஒரு ஷாஃப்டும் இறக்கினாங்க. அடியைத் தொட்டுட்டா அங்கிருந்து ரெண்டு பக்கமும் தோண்டலாம், நாலு முகத்தில் வேலை நடக்கும். மொத்த ஆழம் 1,028 அடி. மவுன்ட் ரோட்டு எல்.ஐ.சி. கட்டடத்தைக் கிட்டத்தட்ட ஆறு தடவை ஒன்றின்மேல் ஒன்றா அடுக்கணும். 1867 அக்டோபர் 17. ஷாஃப்ட் ஐநூறு அடியைத் தாண்டியிருந்தது, கீழே 13 பேர். மேலே ஏற்ற இறக்கக் கட்டடத்தில், விளக்குக்காக வெச்சிருந்த நாப்தா வாயு வெடித்துத் தீப்பிடித்தது. கட்டடம் எரிந்து ஷாஃப்ட்டுக்குள் சரிந்தது. மேலே தீட்டி அடுக்கி வெச்சிருந்த சுமார் முந்நூறு உளிக்கம்பிகளும் உள்ளே விழுந்தன. தண்ணீர் இறைக்கிற பம்பு போச்சு, அடியில் ஊற்று ஏற ஆரம்பித்தது. மறுநாள் மல்லோரி என்ற தொழிலாளி கயிற்றில் கட்டிக்கொண்டு இறங்கினார். புகையில் மயங்கினவரை மேலே இழுத்தப்போ, உள்ளே உயிரோட யாரும் இல்லைன்னு சொன்னார். அதோட தேடுதலை நிறுத்தினாங்க. மாசக்கணக்கில் கழித்துத் தண்ணீரை இறைத்து உடல்களை எடுத்தப்போதான் தெரிஞ்சது, சிலர் உடனே சாகவில்லை. ஏறுகிற தண்ணீரில் மிதக்க, கிடைச்ச கட்டைகளை வெச்சு ஒரு தெப்பம் செஞ்சிருந்தாங்க.

இந்தத் தெப்பத்தைப் பத்திப் படிச்ச அப்புறம், 'இன்ஜினியரிங் சாதனை'ங்கற வார்த்தையைக் கொஞ்சம் யோசிச்சுத்தான் பயன்படுத்துறேன். ஹூசாக்கில் செத்தவங்க எண்ணிக்கை பொதுவாகச் சொல்லப்படுவது 195-ஐ ஒட்டி. அந்த ஊர்க்காரங்க வெச்ச பேர் 'ரத்தக் குழி'. அதைச் சுத்தி ஆவிக் கதைகள் ஏகப்பட்டது, யூடியூபில் தேடினா கொட்டும். நான் அந்தப் பக்கம் போகலை, நடந்ததே போதும்.

கருமருந்து போதலைன்னு நைட்ரோகிளிசரின் வந்ததும் இதே மலைக்குத்தான். ஜார்ஜ் மோப்ரே என்ற வேதியியலாளர் நார்த் ஆடம்ஸ் பக்கத்திலேயே ஆலை வெச்சுத் தயாரித்தார். லேசா இடிச்சாலே வெடிக்கிற எண்ணெய் அது. அதை உறைய வெச்சு எடுத்துட்டுப் போற பழக்கத்தைக் கொண்டுவந்தார். மின்சாரத் திரி வெச்சு, எல்லா ஓட்டையையும் தூரத்திலிருந்து ஒரே நேரத்தில் வெடிக்கிற முறையும் இங்கேதான் பழகினாங்க. மேற்குப் பக்கம் வேற தலைவலி: அங்கே பாறை இளகி, தண்ணீரில் ஊறிக் கூழ் மாதிரி வழிந்தது. தொழிலாளிகள் அதுக்கு 'கஞ்சிக் கல்'னு பேர் வெச்சாங்க. தோண்டத் தோண்டச் சரியும். அங்கே துரப்பணத்துக்கு வேலையே இல்லை, செங்கல்லால் வளைவு கட்டிக் கட்டித்தான் முன்னேறணும்.

1868 கடைசியில் கனடாவிலிருந்து வந்த ஷான்லி சகோதரர்கள் ஒப்பந்தம் எடுத்து, 1873 நவம்பர் 27-ல், அமெரிக்காவின் நன்றி தெரிவிக்கும் நாளன்று, கடைசிப் பாறையை உடைச்சாங்க. ரெண்டு பக்கமும் சந்திச்சப்போ விலகல் ஒரு அங்குலத்துக்கும் குறைவு. ஜி.பி.எஸ். இல்லை, லேசர் இல்லை. ஷாஃப்ட்டின் அகலமே அதிகபட்சம் 27 அடி. மேலிருந்து ரெண்டு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அந்த ரெண்டு நூலுக்கு நடுவில் கிடைச்ச கோட்டை வெச்சு மைல் கணக்கில் திசை பிடிச்சாங்க. முதல் ரயில் 1875 பிப்ரவரியில். மொத்தச் செலவு 2 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. 20 லட்சம் எஸ்டிமேட் ஞாபகம் இருக்கா?

முழு முகத்தைக் குடையும் யோசனை அதுக்குள்ளே செத்துப்போச்சான்னா, இல்லை. இங்கிலாந்துக் கால்வாய்க்கு அடியில், 1880-82-ல், டோவர் பக்கத்து ஷேக்ஸ்பியர் குன்றிலிருந்து ஒரு மெஷின் ஏழு அடி விட்டத்தில் குடைஞ்சுக்கிட்டே போனது. ஃபிரெடெரிக் போமான்ட், தாமஸ் இங்கிலீஷ்னு ரெண்டு ராணுவப் பொறியாளர்கள் பேர் அதில் ஒட்டியிருக்கு. இதுவும் அழுத்தின காற்றில் ஓடியது. அங்கே பாறை மென்மையான சுண்ணக்களிமண், அதனால சாதாரண எஃகுப் பல்லே போதுமானதா இருந்தது. இங்கிலாந்துப் பக்கம் 1,800 மீட்டருக்கு மேல், பிரான்ஸ் பக்கம் 1,600 மீட்டருக்கு மேல் போனாங்க. மெஷின் நல்லா ஓடிக்கிட்டிருந்தது. நிறுத்தினது அரசியல். சுரங்கம் வழியா பிரெஞ்சுப் படை நுழைஞ்சுடும்னு இங்கிலாந்து ராணுவத் தளபதிகள் பயந்தாங்க, 1882-ல் அரசு வேலையை நிறுத்தியது. அங்கே சுவரில் வில்லியம் ஷார்ப்னு ஒரு தொழிலாளி, இந்தச் சுரங்கம் 1880-ல் தொடங்கப்பட்டதுன்னு செதுக்கி வெச்சிருக்கார். 'தொடங்கப்பட்டது' என்ற வார்த்தையில் மட்டும் எழுத்துகள் குழம்பிப் போய், என்னமோ ஒரு புது வார்த்தை ஆகியிருக்கும். நூறு வருஷம் கழிச்சு, இப்போ ரயில் ஓடுற சுரங்கத்தைத் தோண்டினவங்க இந்தப் பழைய துளையைச் சந்திச்சாங்க. உள்ளே பூச்சு எதுவும் இல்லாமலே அது பெரும்பாலும் அப்படியே நின்றிருந்தது.

கெட்டிப் பாறைக்கு வருவோம். 1952-ல் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஓஹே அணைக்குச் சுரங்கம் வேணும். பாறை பொடியும் ஷேல், வெடி வெச்சா அநியாயத்துக்குச் சரியும். ஜேம்ஸ் ராபின்ஸ் என்ற சுரங்கப் பொறியாளர் எட்டு மீட்டர் விட்டத்தில் ஒரு மெஷின் செஞ்சு கொடுத்தார். 24 மணி நேரத்தில் 160 அடி வரைக்கும் போனது. ஆனா ஷேல் லேசான பாறை. அதைவிடக் கெட்டியான பாறையில் நிலையான எஃகுப் பற்கள் மறுபடி உடைஞ்சு உடைஞ்சு விழுந்தன. ராபின்ஸ் மெஷினில் அந்தப் பற்களோட, உருளும் தகடுகளும் சேர்ந்து இருந்தன. 1956-ல் டொரன்டோவில் ஹம்பர் ஆற்றுப் பக்கம் ஒரு கழிவுநீர்ச் சுரங்கம். பற்கள் போய்க்கிட்டே இருந்ததால, அதையெல்லாம் கழற்றிட்டு வெறும் தகடுகளோட ஓட்டிப் பார்த்தாங்க. மெஷின் அதே மாதிரி முன்னேறியது. வேலை செஞ்சுக்கிட்டிருந்தது முழுக்கத் தகடுகள்தான்.

அழுத்து, உருட்டு, சில்லு தெறிக்கட்டும். வில்சன் நூறு வருஷம் முன்னாடி வரைஞ்சது. நடுவில் மாறினது தகட்டைச் சுத்தி இருந்த எல்லாமும்: எஃகு, பேரிங், மின் மோட்டார், ஹைட்ராலிக் ஜாக்கி. இன்றைக்குப் பொதுவாகப் பயன்படும் 17 அங்குலத் தகடு ஒவ்வொன்றும் 25 டன் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்கும். வில்சனோட தகடுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்னு தெரியும். எங்க பாஷையில் சொன்னா, கோடு சரி, லைப்ரரிகள் எதுவும் வெளியாகலை.

சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்டத்தில் நீலகிரி, ஃபிளமிங்கோன்னு பேர் வெச்சு இறக்கின மெஷின்கள் இந்தக் குடும்பம்தான். நம்ம மண் ஒரே மாதிரி இல்லை. கொஞ்ச தூரம் களிமண், கொஞ்சம் மணல், திடீர்னு கெட்டிப் பாறை, சில இடத்தில் முகத்தோட மேல் பாதி மண்ணும் கீழ்ப் பாதி பாறையும். அதனால முன்தலையில் மண்ணுக்குப் பல்லும் பாறைக்குத் தகடும் சேர்த்தே மாட்டுவாங்க. தகடு இன்னைக்கும் தேயுது. தேயும்போது மெஷினை நிறுத்திட்டு, முன்தலைக்குப் பின்னாடி இருக்கிற குறுகலான அறைக்குள் ஆட்கள் போய், ஒவ்வொண்ணும் நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற தகடுகளைக் கழற்றி மாற்றணும். சில சமயம் எதிரே மண்ணும் தண்ணீரும் சரியாம இருக்க, அந்த அறையில் அழுத்தின காற்றை நிரப்பிட்டு உள்ளே போறாங்க. வெளியே வரும்போது உடம்பு பழக, படிப்படியா அழுத்தத்தைக் குறைக்கிற அறையில் உட்கார்ந்து காத்திருக்கணும். நாம ஏ.சி. பெட்டியில் நின்னுக்கிட்டு கடந்துபோகப் போற தூரம் அது.

ஹூசாக் சுரங்கத்தில் சரக்கு ரயில் இன்னும் ஓடுது. 2020 பிப்ரவரியில் உள்ளே ஒரு பகுதி இடிஞ்சு விழுந்து, ரெண்டு மாசத்தில் சரி பண்ணி மறுபடி திறந்தாங்க.

அடுத்த எபிசோடில் லண்டன் போறோம். தேம்ஸ் நதிக்கு அடியில் சுரங்கம் தோண்ட, கப்பலை ஓட்டை போடுற ஒரு புழுவிடம் பாடம் படிச்ச மார்க் புரூனல் கதை. கேள்விகள் இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க.